உணவுக்கு முன், உணவுக்குப் பின்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் மருந்தாளர்களாகவும் போன தோழியர் சிலர் கூடி யோசித்தோம். எங்கள் எல்லோருக்கும் இந்தப் பாடசாலையில் கிடைத்த ஒன்று, பிற்காலத்தில் நாங்கள் எதிர்பாராத ஓரிடத்தில் கைகொடுத்தது. கிடைத்தது தமிழ் இலக்கணம். கைகொடுத்த இடம் இலத்தீன் மொழி. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம். பிள்ளைகள் பயப்பட வேண்டாம். இதற்குப் பரீட்சை கிடையாது.

நாங்கள் இங்கே படித்தது 1990களில். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள். பாடம் எல்லாம் தமிழ்மொழி மூலம். அப்படியே உயர்தரம் எழுதி மருத்துவ பீடத்துக்குப் போனபோது அங்கே எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலத்துக்குத்தான் எங்களைத் தயார்ப்படுத்தி அனுப்பினார்கள். அந்த ஆங்கிலத்துக்குள் இன்னொரு மொழி ஒளிந்திருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மொழி நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கும் மருந்துத் துண்டில்தான் இருக்கிறது. வைத்தியர் 'ஏ.சி.' என்று எழுதுவார். அது 'அன்டே சிபும்', அதாவது உணவுக்கு முன். 'பி.சி.' என்றால் 'போஸ்ட் சிபும்', உணவுக்குப் பின். 'பி.ஓ.' என்றால் 'பெர் ஓஸ்', வாய் வழியாக. 'பி.ஆர்.என்.' என்றால் 'ப்ரோ ரே நாட்டா', தேவை ஏற்படும்போது. 'நொக்டே' என்றால் இரவில். கடிகாரத்தில் நாம் தினமும் சொல்லும் 'ஏ.எம்.', 'பி.எம்.' கூட இலத்தீன்தான். 'அன்டே மெரிடியெம்' நண்பகலுக்கு முன், 'போஸ்ட் மெரிடியெம்' நண்பகலுக்குப் பின்.

முதலில் இவற்றை எழுத்துக் கூட்டமாகவே மனப்பாடம் செய்தோம். பிறகு அகராதியைத் திறந்து பார்த்தபோதுதான் குழப்பம் வந்தது. உணவு என்பதற்கு இலத்தீன் சொல் 'சிபுஸ்' என்று அகராதி சொன்னது. மருந்துத் துண்டில் 'சிபும்' என்று இருந்தது. இறப்பு என்பதற்கு 'மோர்ஸ்' என்று இருந்தது. ஆனால் நாங்கள் கேள்விப்பட்டது 'போஸ்ட் மோர்ட்டெம்'. ஆண்டு என்றால் 'அன்னுஸ்'. எழுதுவது 'பெர் அன்னும்'. ஒரு சொல்லுக்கு ஏன் இரண்டு முகம்?

காரணம் முன்னால் நிற்கும் சின்னச் சொல். அன்டே, போஸ்ட், பெர் போன்றவற்றை முன்னிடைச்சொற்கள் என்போம். இலத்தீனில் முன்னிடைச்சொல் ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லிடம், 'நீ இந்த வேற்றுமை வடிவத்தில்தான் வரவேண்டும்' என்று கட்டளையிடுகிறது. அன்டே இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும். உடனே சிபுஸ், சிபும் ஆகிவிடும். ஆங்கிலத்தில் இந்த மாற்றம் ஏறத்தாழ அழிந்துவிட்டது. உணவு என்ற சொல் அங்கே 'பிஃபோர்' என்பதற்குப் பின்னாலும் 'ஆஃப்டர்' என்பதற்குப் பின்னாலும் அப்படியே நிற்கும். ஆகவே ஆங்கிலத்தின் வழியாக மட்டும் இலத்தீனைப் பார்ப்பவருக்கு இது விநோதமாகத் தெரியும்.

எங்களுக்கு அது விநோதமாகத் தெரிந்திருக்கவே தேவையில்லை. தமிழில் நாம் பிறந்த நாளிலிருந்து செய்வது இதைத்தான். 'உணவு முன்' என்று நாம் சொல்வதில்லை. 'உணவுக்கு முன்' என்கிறோம். முன் என்ற சொல் 'கு' உருபைக் கேட்கிறது. 'இரணைமடுக் குளம் சுற்றி' என்று சொல்ல மாட்டோம். 'குளத்தைச் சுற்றி' என்போம். சுற்றி என்ற சொல்லுக்கு 'ஐ' வேண்டும். பற்றி, நோக்கி, தவிர ஆகியவையும் 'ஐ' கேட்பவை. 'இருந்து' என்ற சொல் 'இல்' கேட்கும். ஆகவேதான் 'வவுனியாவிலிருந்து' என்கிறோம். தமிழில் இந்தச் சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. இலத்தீனில் முன்னால் வருகின்றன. இடம்தான் வேறு. பெயர்ச்சொல்லின் ஈற்றை மாற்றும் அதிகாரம் இரண்டிலும் ஒன்றே.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 'குளம்' என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது மகர ஈற்றை விட்டுவிட்டு 'குளத்து' என்று ஆகும். குளத்தை, குளத்துக்கு, குளத்தில் என்று சாரியை பெற்று வரும் என்று இங்கேதான் படித்தோம். இலத்தீனிலும் பல சொற்கள் இப்படி உள்ளுக்குள் வேறு உருவம் வைத்திருக்கின்றன. மோர்ஸ் என்பதன் உள்ளுருவம் 'மோர்ட்'. இரவு என்ற 'நொக்ஸ்' உள்ளே 'நொக்ட்' ஆகும். அதனால்தான் 'நொக்டே'. வாய் என்ற 'ஓஸ்' உள்ளே 'ஓர்' ஆகும். வாய்வழி மருந்தை ஆங்கிலத்தில் 'ஓரல்' என்பது அதனால்தான். ஆனால் 'பெர் ஓஸ்' என்பதில் மட்டும் ஓஸ் மாறாமல் நிற்கிறதே என்று கேட்பீர்கள். இலத்தீனில் அஃறிணை போன்ற ஒரு பால் உண்டு. அந்தப் பாற் சொற்களுக்கு எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம். 'குளம் கட்டினார்கள்' என்று நாமும் 'ஐ' இல்லாமல் சொல்கிறோம் அல்லவா, ஏறத்தாழ அதுபோல.

இனி முன்னிடைச்சொற்களின் கணக்கு. மருத்துவத்தில் நமக்கு வேண்டியவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்தால் போதும்.

முதற் கூட்டம் இரண்டாம் வேற்றுமையைக் கேட்பவை. அன்டே (முன்), போஸ்ட் (பின்), பெர் (ஊடாக), அட் (நோக்கி), இன்ட்ரா (உள்ளே), இன்டெர் (இடையே), கொன்ட்ரா (எதிராக). பிரசவ அறையில் இவற்றை நாள் முழுவதும் கேட்கலாம். 'அன்டே பார்ட்டும்' பிரசவத்துக்கு முன், 'இன்ட்ரா பார்ட்டும்' பிரசவத்தின்போது, 'போஸ்ட் பார்ட்டும்' பிரசவத்துக்குப் பின். மருத்துவமாது 'பி.வி.' என்று எழுதுவது 'பெர் வஜைனம்'. வஜைனா என்ற சொல் பெர்ருக்குப் பின்னால் வந்ததால் 'ம்' ஏற்றுக்கொண்டது. இதைச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தச் சொல்லுக்கு இலத்தீனில் வாளுறை என்றுதான் பொருள்.

இரண்டாம் கூட்டம் 'அப்லற்றிவ்' என்ற வேற்றுமையைக் கேட்பவை. கும் (ஓடு), சினே (இன்றி), எக்ஸ் (இலிருந்து), ப்ரோ (பொருட்டு), டே (பற்றி). நமது சங்கத்தின் கூட்டக் குறிப்புகளிலேயே இவை உண்டு. பாடசாலை அதிபர் சங்கத்தின் 'எக்ஸ் ஒஃபீசியோ' காப்பாளர், அதாவது பதவிவழிக் காப்பாளர். பதவி என்பதற்கு 'ஒஃபீசியும்'. எக்ஸ் முன்னால் வந்ததால் 'ஒஃபீசியோ'. தற்காலிகச் செயலாளரை 'ப்ரோ டெம்' என்று எழுதுவார்கள். அது 'ப்ரோ டெம்போரே' என்பதன் சுருக்கம். சந்தா மட்டும் 'பெர் அன்னும்'. அது முதற் கூட்டம்.

இந்த அப்லற்றிவ் வேற்றுமை தமிழில் எதற்குச் சமம் என்று கேட்டால் ஒரே விடை இல்லை. தமிழில் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமை. இலத்தீனில் பொதுவாக ஆறு என்று எண்ணுவார்கள். குறைந்த இரண்டும் எங்கே போயின? ஆல், ஓடு என்ற நமது மூன்றாம் வேற்றுமையின் வேலையையும், நீங்கலைக் காட்டும் ஐந்தாம் வேற்றுமையின் வேலையையும், இடத்தைக் காட்டும் ஏழாம் வேற்றுமையின் வேலையையும் இலத்தீனில் ஒரே வேற்றுமை சுமக்கிறது. மிகப் பழைய காலத்தில் தனித்தனியாக இருந்த மூன்று, ஒன்றாகக் கலந்ததால் வந்தது இது. அப்படிக் கலந்த பிறகு ஈற்றை மட்டும் பார்த்து 'ஓடு' என்பதா 'இலிருந்து' என்பதா 'இல்' என்பதா என்று தீர்மானிப்பது கடினம். ஆகவே முன்னால் ஒரு சொல் தேவைப்படுகிறது. கும் வந்தால் அது நமது மூன்றாம் வேற்றுமை. எக்ஸ் வந்தால் ஐந்தாம் வேற்றுமை. இன் வந்தால் ஏழாம் வேற்றுமை. வேற்றுமைப் பொருள்களை ஒழுங்காகப் படித்த ஒரு சாதாரண தர மாணவிக்கு இது பத்து நிமிடத்தில் விளங்கும்.

அடுத்தது, ஈறு மாறினால் பொருளே மாறும் இடம். 'இன்' என்ற முன்னிடைச்சொல் இரண்டு கூட்டத்திலும் உண்டு. அப்லற்றிவ்வோடு வந்தால் ஓரிடத்தில் நிலைத்திருப்பது. இரண்டாம் வேற்றுமையோடு வந்தால் ஓரிடத்துக்குள் போவது. 'வீட்டில் இருக்கிறாள்' என்பதற்கும் 'வீட்டுக்குள் போகிறாள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. தமிழில் உருபும் சொல்லும் மாறுகின்றன. இலத்தீனில் முன்னால் அதே 'இன்' நிற்க, பெயரின் ஈறு மட்டும் மாறும். கல்லறைகளில் 'இன் மெமோரியம்' என்று பொறித்திருப்பார்கள். மெமோரியா, மெமோரியம் ஆனது இரண்டாம் வேற்றுமை. நினைவை நோக்கி, நினைவாக என்று பொருள். 'இன் விட்ரோ' என்பதில் ஈறு 'ஓ', அப்லற்றிவ். கண்ணாடிக்குள் இருப்பது. 1978இல் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன் உலகின் முதலாவது 'சோதனைக் குழாய்க் குழந்தை' ஆனது அந்த முறையால்தான். 'இன் யூட்டெரோ' என்றால் கருப்பையில்.

'இன் சிட்டு' என்பதைச் சற்று நின்று பார்ப்போம். 'சிட்டுஸ்' என்றால் இடம். இன் சிட்டு என்றால் இருந்த இடத்திலேயே இருப்பது. 'கார்சினோமா இன் சிட்டு' என்று ஓர் அறிக்கையில் வந்தால், புற்றுநோய்க் கலங்கள் தோன்றிய படையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை என்று பொருள். அறிக்கையில் முதற் சொல்லைப் பார்த்தவுடன் அழுதுவிடும் பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு உயிர் கொடுக்கும் செய்தி பின்னால் வரும் அந்த இரண்டு சிறு சொற்களில் இருக்கிறது. கருப்பைக் கழுத்தில் இந்த நிலையிலோ இதற்கும் முன்னரோ கண்டுபிடித்தால் முற்றாகக் குணப்படுத்தலாம். அதற்காகத்தான் 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு வந்து பாப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். 2017ஆம் ஆண்டிலிருந்து தரம் 6 மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் பாடசாலையில் கொடுக்கப்படுகிறது. இங்கே இருக்கும் அம்மாமார் இந்த இரண்டையும் தவறவிடக் கூடாது. இலக்கணம் பேச வந்த இடத்தில் வைத்தியம் புகுந்துவிட்டது, மன்னிக்கவும்.

இன்னொரு சொல்லையும் பேசாமல் வன்னியில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அது மோர்ஸ், இறப்பு. இறந்த உடல் விறைப்பதை 'ரிகோர் மோர்ட்டிஸ்' என்போம். அங்கே முன்னிடைச்சொல் இல்லை. மோர்ட்டிஸ் என்பது ஆறாம் வேற்றுமை, இறப்பினது விறைப்பு. பிரேத பரிசோதனை 'போஸ்ட் மோர்ட்டெம்', இறப்புக்குப் பின். காயம் இறப்புக்கு முன் ஏற்பட்டதா என்று நீதிமன்றம் கேட்கும்போது 'அன்டே மோர்ட்டெம்' என்ற சொல் வரும். எச்சங்களை அடையாளம் காணும் வேலையிலும் இந்த இரண்டு சொற்களும் சோடியாக வரும். உறவினரிடம் உயரம், பற்கள், பழைய எலும்பு முறிவு, உடுத்திருந்த உடுப்பு என்று கேட்டு எழுதுவது அன்டே மோர்ட்டெம் தகவல். எலும்பிலிருந்து பெறுவது போஸ்ட் மோர்ட்டெம் தகவல். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ஒரு பெயரைச் சொல்ல முடியும்.

2023 ஜூன் மாத இறுதியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க நிலம் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நமது மாவட்டங்களில் 2017ஆம் ஆண்டிலிருந்து வீதியோரம் இருந்து பிள்ளையைத் தேடும் தாய்மார் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாயின் முன்னால் 'இறப்புக்கு முன்' என்று தலைப்பிட்ட படிவத்தை வைத்தால், இறப்பு அந்தத் தலைப்புக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் தாய் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 'மோர்ட்டெம்' என்பது எந்தச் சொல்லின் எந்த வடிவம் என்று தெரிந்த ஒரு வைத்தியரோ உத்தியோகத்தரோ, அந்தத் தலைப்பை அப்படியே மொழிபெயர்த்து வாசிக்க மாட்டார். 'அம்மா, உங்கள் மகனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கோ' என்று கேட்பார். சொல்லின் பொருள் முழுவதும் தெரிந்தவருக்குத்தான் அதை எங்கே சொல்லாமல் விடவேண்டும் என்பதும் தெரியும்.

தமிழும் இலத்தீனும் சந்தித்தது நமது தலைமுறையில் அல்ல. இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர், தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதினார். பேச்சுத் தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இலத்தீன் தெரிந்தவர்களுக்கு அவர் தமிழ் வேற்றுமைகளை விளக்கினார். நாங்கள் அதே பாலத்தில் எதிர்த் திசையில் நடந்திருக்கிறோம்.

மருத்துவத்தில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் முன்னோடி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் நம்மவர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். 1864இலிருந்து அதைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலமும் இலத்தீன் கலைச்சொற்களும் அவருக்குத் தெரியாதவை அல்ல. படிக்கும் பிள்ளையின் மொழியில் சொன்னால்தான் அது ஊருக்குப் போய்ச் சேரும் என்று கண்டார்.

அதையேதான் நாங்களும் சொல்ல விரும்புகிறோம். இலத்தீன் சுருக்கங்கள் வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் இடையில் ஓடுபவை. அங்கேயே அவை பிழைபடுவதுண்டு. 'கியூ.டி.' என்பது தினம் ஒரு தடவை, 'கியூ.ஐ.டி.' என்பது தினம் நான்கு தடவை. கையெழுத்தில் ஒரு கோடு கூடினால் மருந்து நான்கு மடங்கு. அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 2004இல் வெளியிட்ட 'எழுதக் கூடாதவை' பட்டியலில் கியூ.டி. இருக்கிறது. நாங்கள் பின்பற்றும் பிரித்தானிய மருந்துக் கையேடும், அறிவுறுத்தல்களைச் சுருக்காமல் ஆங்கிலத்தில் எழுதுவதே நல்லது என்கிறது.

நோயாளியிடம் வரும்போது தமிழ்தான் மருந்து. தைரொக்சின் குளிசையை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே எடுக்க வேண்டும். மெட்போமினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட பின் எடுக்க வேண்டும். இந்த 'முன்', 'பின்' இடம் மாறினால் ஒன்று வேலை செய்யாது, மற்றது வயிற்றைக் குழப்பும். ஏ.சி., பி.சி. என்று எழுதிவிட்டால் எங்கள் கடமை முடியவில்லை. உறையில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று தமிழில் எழுதி, வாயாலும் ஒருமுறை சொல்லி, அம்மா அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்ட பிறகுதான் முடிகிறது. ஆகவே மருந்து வாங்கும் நீங்களும் கேளுங்கள். விளங்காவிட்டால் இரண்டாம் தடவையும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. உயர்தரத்துக்கு வந்தபின் தமிழ்ப் பாடம் இனித் தேவையில்லை என்று இலக்கணப் புத்தகத்தைக் கட்டி மேலே போட்டுவிடாதீர்கள். நாளை மருத்துவ பீடத்தில் நூறு சொற்றொடர்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இரண்டு கூட்டத்து முன்னிடைச்சொற்கள் பத்துப் பன்னிரண்டையும், அவை கேட்கும் இரண்டு வேற்றுமைகளையும் தெரிந்துகொண்டால் அந்த நூறும் தாமாகவே திறக்கும். தமிழ்மொழி மூலம் படித்ததால் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. இந்த ஒரு விடயத்தில் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

இன்று பேசியவற்றையும் இன்னும் சில சொற்றொடர்களையும் சேர்த்து ஒரு சிறு கைந்நூலாக்கி, எங்கள் வகுப்பின் நூற்றாண்டு அன்பளிப்பாகப் பாடசாலை நூலகத்துக்குத் தருகிறோம். அதில் இலத்தீன் ஒரு பக்கம், நேரே தமிழ் ஒரு பக்கம், வேற்றுமை எண்ணோடு இருக்கும். எங்களுக்கு வேற்றுமை படிப்பித்த ஆசிரியைகளில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். ரீச்சர், நீங்கள் படிப்பித்தது வாட்டு வரைக்கும் வந்திருக்கிறது.